பருத்திக்காட்டுக் கல்லூரியும் பால்மரக்காட்டுப் பள்ளியும்

கோலகங்சாரில் ஒரு ரப்பர் மரத்துக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த நாற்றுகளில் ஒன்பதைப் பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ அங்கே நட்டார். அவற்றில் மிஞ்சிய ஒன்று மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டுக் காக்கப்படுகிறது. சுற்றுலாப் பயணிகள் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மரத்துக்குச் செய்த மரியாதையில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த மரத்தின் வாரிசுகளைச் சீவிப் பால் எடுத்தவர்களின் பிள்ளைகள் ‘அ’ எழுதிப் பழகிய தோட்டத்துப் பள்ளிகள் நின்ற இடத்தில் அப்படியொரு பலகையை நான் பார்த்ததில்லை. இந்த ஒப்பீடு அதிலிருந்துதான் தொடங்குகிறது.

ஒப்பிட எடுத்துக்கொண்ட ஊர் தொலைவில் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், கிழக்கு ஓரமாக, மார்ஷல் என்ற சிற்றூர். அங்கே வைலி கல்லூரிக்கு மாநில வரலாற்று ஆணையத்தின் பலகை ஒன்று நிற்கிறது. அலுமினியத்தில் வார்த்து எழுத்துகள் புடைத்து நிற்கும் இத்தகைய பலகைகள் டெக்சஸ் சாலையோரங்களில் ஆயிரக்கணக்கில் உண்டு. அரசு தானாக வந்து நட்டுவிட்டுப் போவதில்லை. உள்ளூர்க்காரர் யாராவது கேட்க வேண்டும், சான்றுகளோடு வரலாறு எழுதித் தர வேண்டும், மாவட்ட வரலாற்றுக் குழு அதைப் படித்து ஒப்ப வேண்டும், பலகை வார்க்கும் செலவைக் கேட்டவரே ஏற்க வேண்டும். ஆக ஒரு பலகை நிற்கிறது என்றால் அதன் பின்னால் கேட்க ஓர் ஆளும் காட்ட ஒரு காகிதமும் கொடுக்கக் கொஞ்சம் பணமும் இருந்திருக்கின்றன.

மார்ஷல் இருக்கும் ஹாரிசன் மாவட்டம் பருத்தி விளைந்த மண். உள்நாட்டுப் போருக்கு முன், 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், டெக்சஸிலேயே அதிகமான அடிமைகள் இருந்த மாவட்டம் அதுதான். ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் பாட்டன் பூட்டனின் தோட்ட வாழ்க்கையை ‘அடிமை வாழ்க்கை’ என்று மேடையில் சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டோம். அங்கே மனிதனை ஏலம் போட்டு விற்றார்கள். தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து வேறொருவனுக்குக் கொடுத்தார்கள். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. அதன்பின் கங்காணி முறை 1938 வரை ஓடியது. அதில் கடன் இருந்தது, அடி இருந்தது, காய்ச்சலில் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. ஆனாலும் அது வேறு. துன்பத்தை எடைபோட இந்த இரண்டையும் பக்கத்தில் வைக்கவில்லை. தோட்டப் பயிரை நம்பிய இரண்டு சமூகங்களுக்கு எழுத்து எந்த வழியாக வந்தது, அந்த வழியால் பின்னால் என்ன விளைந்தது என்பதுதான் என் கேள்வி.

வைலிக்கு வந்த வழி திருச்சபை. போர் முடிந்த மறு ஆண்டே, 1866இல், மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கான உதவிச் சங்கம் ஒன்றைத் தொடங்கியது. தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதே குற்றமாக இருந்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. சங்கம் ஊர் ஊராகப் பள்ளி திறந்தது. 1873இல் மார்ஷலில் திறந்தது வைலி. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே கறுப்பின மக்களுக்காக எழுந்த கல்லூரிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. டெக்சஸில் விடுதலை அறிவிக்கப்பட்டது 1865 ஜூன் மாதத்தில். அப்போது பால்குடியாக இருந்த குழந்தைக்குக் கல்லூரி பிறந்தபோது எட்டு வயது. அன்று வைத்த பெயர் ‘வைலி பல்கலைக்கழகம்’ என்றாலும் முதலில் எழுத்துக்கூட்டிப் படிக்கவும்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஆனாலும் அந்தப் பெயரை அவர்கள் முதல் நாளிலேயே வைத்தார்கள்.

கல்லூரிக்குப் பெயர் கொடுத்த ஐசக் வைலி ஒரு பேராயர். இளமையில் மருத்துவ மிஷனரியாகச் சீனாவின் ஃபூசோவுக்குப் போனவர். மனைவியை அங்கே இழந்தார். பல ஆண்டுகள் கழித்துப் பேராயராகத் திரும்பவும் போனவர் 1884இல் அங்கேயே இறந்தார். இதில் பேராக்காரர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அதே ஃபூசோவின் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள்தாம் 1903இல் முந்நூறு பேருக்கு மேல் கப்பலேறி வந்து பேராக்கின் சித்தியவானில் குடியேறினார்கள். பேராக் அரசு நிலம் கொடுத்தது. சபை ஆட்களை அழைத்து வந்தது. நெல்லுக்கென்று வந்தவர்கள் சீக்கிரமே ரப்பருக்கு மாறினார்கள். வந்த கையோடு கோயிலும் பள்ளியும் எழுந்தன. இன்று சித்தியவானின் கம்போங் கோ பகுதியில் முன்னோடிகளின் பெயரால் தேவாலயம் இருக்கிறது, குடியேற்ற வரலாற்றைச் சொல்ல ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது.

அதே சபையின் இன்னொரு கிளைதான் ஈப்போவுக்கு வந்தது. பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டம் 1886இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஆங்கிலோ-சைனீஸ் பள்ளியின் வழியில், 1895இல் பாதிரியார் வில்லியம் ஹார்லி ஈப்போவிலும் அதே பெயரில் ஒரு பள்ளியைத் திறந்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய பையன்களோடு ஒரு வீட்டில் தொடங்கிய அது லகாட் சாலையில் பெரிய கட்டடமாக வளர்ந்தது. பெயரில் சீனம் இருந்தாலும் பட்டணத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். கிராணிமார், ரயில்வே உத்தியோகத்தர், கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வாசல் பத்து மைலுக்கு அப்பால் இருந்தது. உண்மையில் அதைவிடத் தூரம்.

தோட்டத்துக்கு எழுத்து வந்த வழி சட்டம். மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் அதற்கு முதல் அடி வைக்கப்பட்டது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதியாக்கியது: ஒரு தோட்டத்தில் ஓர் இனத்தைச் சேர்ந்த பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைத்தே ஆக வேண்டும். நல்ல சட்டம்தான். அதன் பின்னால் இருந்த கணக்கும் தெரிந்ததுதான். தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளி தனியாக வந்தால் திரும்பிப் போய்விடுவான், குடும்பத்தோடு வந்தால் தங்குவான்; குடும்பம் வந்தால் பிள்ளைகள் வரும்; அவர்களின் நலம் பற்றி இந்திய அரசு கேள்வி கேட்கும். பள்ளி வேண்டும் என்றது சட்டம். எப்படிப்பட்ட பள்ளி என்பதைத் துரையின் மனத்துக்கு விட்டுவிட்டது. தொழிலாளர் குடியிருந்த லயத்தின் கடைசி அறை பள்ளியானது, ஸ்டோருக்குப் பின்னால் இருந்த கொட்டகை பள்ளியானது. கொஞ்சம் எழுத்தறிந்த கங்காணியோ, பகலில் பால் எடை போடும் கிராணியோ ஆசிரியரானார். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன அப்பா அம்மாவோடு நிரைக்குப் போய் ஒட்டுப்பால் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, கையில் பால் பிசுபிசுக்க வந்து உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அவர் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர்களில் அருமையான ஆசிரியர்கள் இருந்தார்கள். அது அவர்களுடைய குணம். ஏற்பாட்டின் பெருமை இல்லை.

எழுத்தைத் தடுத்த மண்ணில் தடை நீங்கி எட்டே ஆண்டில் ஒரு கல்லூரி வந்துவிட்டது. எழுத்து கொடு என்று சட்டம் சொன்ன மண்ணிலோ நூறாண்டு ஆகியும் ஆறாம் வகுப்போடு கதை முடிகிறது. இதற்கு மக்களின் ஆர்வக் குறைவைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. நம் கூட்டங்களில் இதை மிகச் சாதாரணமாகச் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. படித்து வெளிவருபவன் யாருக்குத் தேவை என்று கேட்டால் விடை வேறாக வருகிறது. சபைக்குப் போதகர் தேவை, ஊர் ஊராகத் திறந்த பள்ளிகளுக்கு ஆசிரியர் தேவை. வெள்ளையர் அந்த வேலைக்கு வரப்போவதில்லை. எனவே கறுப்பின இளைஞர்களையே போதகராகவும் ஆசிரியராகவும் ஆக்க வேண்டியிருந்தது. அதற்குத் தொடக்கப்பள்ளி போதாது, அதற்கு மேல் உயர்நிலை, அதற்கும் மேல் கல்லூரி வேண்டும். தோட்ட நிர்வாகத்துக்குத் தேவைப்பட்டவன் நாளைக்கும் அதே நிரையில் உளி பிடிப்பவன். அவனுக்கு ஆறாம் வகுப்பே தாராளம் என்று எண்ணினார்கள். மேலே ஏறிப் போகிறவனால் நிர்வாகத்துக்கு லாபமில்லை, ஓர் ஆள் நட்டம்.

வைலியிலும் எல்லாம் முதலிலிருந்தே அவர்கள் கையில் இருந்ததில்லை. முதல் இருபதாண்டும் தலைமை வெள்ளையரிடம்தான். 1893இல் ஐசயா ஸ்காட் வந்த பிறகே கறுப்பினத்தவர் ஒருவர் தலைவரானார். அவருக்குப் பின் மாத்தியூ டோகன் 1896 முதல் 1942 வரை, நாற்பத்தாறு ஆண்டுகள், அந்த நாற்காலியில் இருந்தார். ஒருவர் இவ்வளவு காலம் ஒரே இடத்தில் இருந்தால் நன்மையும் உண்டு தீமையும் உண்டு. ஆனால் நினைவு தொடர்ந்து நிற்கும். யார் எப்போது படித்தார், எந்தக் கட்டடம் யார் பணத்தில் எழுந்தது என்பது ஒரு வாயிலும் ஒரு பதிவேட்டிலும் தங்கும். தோட்டங்களில் துரை மாறுவார், கம்பெனி மாறும், கிராணி வேறு டிவிஷனுக்குப் போவார். பள்ளியைப் பற்றிய கடிதங்கள் லண்டனில் ஒரு கம்பெனியின் அலுவலகத்தில் கிடக்கும். 1981இல் கத்ரி தோட்டக் கம்பெனியின் பங்குகளை ஒரே காலையில் லண்டன் சந்தையில் வாங்கி மலேசியாவுக்கு மீட்டதை நாடே கொண்டாடியது. அத்தகைய கம்பெனிகளின் அலமாரிகளில் பள்ளிகளைப் பற்றி என்ன காகிதம் இருந்தது என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வைலியின் பெயரை உலகத்துக்குச் சொன்னது அதன் விவாதக் குழு. கவிஞர் மெல்வின் டோல்சன் அங்கே ஆங்கிலம் கற்பித்தார், மாலையில் மாணவர்களைப் பேசப் பழக்கினார். 1935இல் அவருடைய குழு தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தை வென்றது. 2007இல் டென்சல் வாஷிங்டன் எடுத்த படத்தில் அது ஹார்வர்ட் ஆகிவிட்டது. சினிமாவுக்குப் பெரிய பெயர் வேண்டும். நம் ஊர்ப் படமாக இருந்தால் ஆக்ஸ்ஃபோர்ட் ஆக்கியிருப்பார்கள். அந்தக் குழுவில் இருந்த ஜேம்ஸ் ஃபார்மர் பின்னாளில் இனச் சமத்துவத்துக்கான காங்கிரஸை நிறுவியவர்களில் ஒருவர். வைலியில் பட்டம் பெற்ற ஹீமன் ஸ்வெட், டெக்சஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்டதற்காக வழக்குத் தொடுத்து 1950இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். 1960இல் மார்ஷலில் வெள்ளையருக்கு மட்டுமான உணவுக்கடை மேசைகளில் போய் உட்கார்ந்து போராடியவர்கள் வைலி மாணவர்களும் பக்கத்துப் பிஷப் கல்லூரி மாணவர்களும்தான்.

தோட்டத்துப் பள்ளியும் வெறும் கையோடு நிற்கவில்லை. மலேசியத் தமிழ் எழுத்தாளர்களில் பலர் அங்கே படித்தவர்கள் அல்லது அங்கே கற்பித்தவர்கள். ஆனால் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை மேலே படிக்கத் தமிழ் உயர்நிலைப் பள்ளி இல்லை. பலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்து மலாயில் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. அந்த ஓராண்டில் எத்தனை பிள்ளைகள் படிப்பை விட்டார்கள் என்பது தோட்டத்தில் வளர்ந்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் தெரியும். மேலே ஏறியவர்கள் தனித்தனியாக ஏறினார்கள். ஏறியவரைத் தன் ஆள் என்று சொல்லிக்கொள்ளும் உயரம் அந்தப் பள்ளிக்கு இல்லை.

திருச்சபைக்கு ஈடாக நம்மிடம் எது இருந்தது என்று யோசித்தால் உடனே கோயில் நினைவுக்கு வரும். மாரியம்மன் கோயில் தொழிலாளர்களுடையது, பள்ளி கம்பெனியுடையது. சம்பளத்தில் பிடித்துக் கொடுத்த காசில் திருவிழா நடந்தது. அந்தக் காசு ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்பது எளிது. பள்ளியை நடத்த வேண்டியது துரையின் கடமை என்று சட்டமே சொல்லும்போது தொழிலாளி எதற்குக் காசு கொடுப்பான்? மாரியம்மனுக்குப் போதகர் பயிற்சி தேவையில்லை, பூசாரிக்குப் பட்டம் வேண்டியதில்லை. அதனால் கோயிலிலிருந்து கல்லூரிக்கு வழி பிறக்கவில்லை. 1929இல் பெரியார் மலாயா வந்தபோது ஈப்போவில் சீர்திருத்த மாநாடு கூடியது. அதன் அலை தோட்டங்களில் படிப்பகங்களையும் இரவுப் பள்ளிகளையும் எழுப்பியது. கோயில் போகாத வழியில் இயக்கம் கொஞ்ச தூரம் போனது.

சொந்தக் காசு போட்டுக் கல்வி கட்டிய நிகழ்ச்சிகள் நமக்கும் உண்டு. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறையில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டினார். பால்வெட்டுக்காரர்களும் அதற்கு வெள்ளி கொடுத்தார்கள். தங்கள் பிள்ளை ஏழாம் வகுப்புக்குப் போக வழியில்லாத நேரத்தில் பல்கலைக்கழகத்துக்குக் காசு கொடுத்தவர்கள் அவர்கள். மார்ஷலில் முதல் நாளிலேயே ‘பல்கலைக்கழகம்’ என்று பெயர் வைத்தவர்களின் பக்கத்தில் இவர்களைத்தான் நான் நிறுத்துவேன். இன்னொன்று சுங்கை சிப்புட்டில். அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1954இல் அங்கே மகாத்மா காந்தி கலாசாலையை எழுப்பினார். விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்தார். நிறுவியவர், ஆண்டு, திறந்தவர், கட்டடம் என்று பலகைக்கு வேண்டிய எல்லாம் உள்ள தமிழ்ப்பள்ளி பேராக்கில் இது. இதுவும் தோட்டத்துக்குள் இல்லை, பட்டணத்தில்தான் இருக்கிறது.

சம்பந்தனுக்கு நிலத்தின் அருமை தெரிந்திருந்தது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, லயத்து மக்கள் வேலையும் வீடும் பள்ளியும் சேர்த்து இழந்தார்கள். இந்தத் துண்டாடலைப் பற்றி உங்கு அஸிஸ் 1962இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் படிக்கத்தக்கது. அதற்கு மாற்றாகத் தொழிலாளரே பங்கு போட்டுத் தோட்டம் வாங்க 1960இல் சம்பந்தன் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

பள்ளியின் தலையெழுத்தும் நிலத்தில்தான் இருந்தது. நாடு விடுதலை பெற்றபின் கல்வி அமைச்சு சம்பளமும் பாடநூலும் கொடுத்தது. ஆனால் பள்ளி நிற்கும் மண் கம்பெனியுடையதாக இருந்தால் அது பகுதி உதவி பெறும் பள்ளிதான். தனியார் மண்ணில் அரசு முழுக் கட்டடம் கட்டாது, கம்பெனியும் கட்டாது. கூரை ஒழுகினால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ரசீது புத்தகத்தோடு ஊருக்குள் இறங்க வேண்டியதுதான். வைலிக்குச் சொந்த நிலம் இருந்தது. சித்தியவான் மெதடிஸ்டுகளுக்கும் அவர்கள் பெயரில் நிலம் இருந்தது. அதே பேராக்கில், அதே ரப்பரில், அதே ஆண்டுகளில் தமிழனுக்கு லயத்தில் ஓர் அறை மட்டும் இருந்தது. அதுவும் வேலை இருக்கும்வரை.

அதனால்தான் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனைத் தோட்டமும் வீடமைப்புத் திட்டமாக மாறும்போது பள்ளிகள் இடம்பெயர்கின்றன. 1957இல் நாடு முழுவதும் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520க்குச் சற்று மேல். பேராக்கில் மட்டும் 134. அவற்றில் பல நூற்றைம்பது மாணவர்கூட இல்லாத பள்ளிகள். பெயர்ப்பலகைகளைப் பாருங்கள்: எல்பில், டோவன்பி, ஹீவுட், நோவா ஸ்கோஷியா, கிந்தா வேலி. கம்பெனிக்காரன் தன் ஊரையும் தன் பெயரையும் வைத்தான். நாம் அதன் பின்னால் ‘தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்று சேர்த்துக்கொண்டோம். பள்ளி பட்டணத்துக்கு வந்தாலும் தோட்டப் பெயர் கூடவே வருகிறது. எல்பில் என்றால் வரலாற்றுப் புத்தகத்துக்கு நினைவு வருவது 1948 ஜூன் 16, துரை ஆர்தர் வாக்கர் சுடப்பட்ட நாள்; அவசரகாலம் தொடங்கிய இடம். அந்தப் பெயரை இன்று எழுதுபவர்களில் அங்கே ஒன்றாம் வகுப்பில் சேரும் தமிழ்ப் பிள்ளையும் உண்டு.

மார்ஷலில் இதற்கு நேர் எதிராக ஒன்று நடந்தது. 1881இல் பாப்டிஸ்டுகள் தொடங்கிய பிஷப் கல்லூரி 1961இல் டல்லஸுக்குப் போனது, 1988இல் மூடியே போனது. அதன் வளாகத்துக்கு 1990இல் இன்னொரு கறுப்பினத் திருச்சபைக் கல்லூரி, பால் குவின், குடிவந்தது. அங்கே திருச்சபை நிறுவியதற்கும் சாவு உண்டு என்பதை இது காட்டுகிறது. ஆனால் செத்தபிறகும் யார் தொடங்கினார், எங்கே நின்றது, எப்போது மூடியது என்று மூன்று கேள்விக்கும் விடை இருக்கிறது. நம் தோட்டத்துப் பள்ளிகள் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன. அந்த முதல் கேள்விக்குத்தான் விடை கஷ்டம்.

2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ் ஒரு கட்டடத்தைக் காக்கக் கேட்கலாம். தகரக் கூரையும் பலகைச் சுவருமாக இருந்து கறையான் தின்ற ஓர் அறைக்கு அது கிடைக்காது. கிடைத்தாலும் பாதுகாக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. மார்ஷல் முறை நமக்குப் பொருந்தும்: கட்டடம் வேண்டாம், சான்றோடு எழுதிய பத்துப் பக்க வரலாறும் அதைப் படிக்க ஒரு குழுவும் போதும். முன்னாள் தோட்ட மக்கள் ஆண்டுக்கொருமுறை ஒன்றுகூடிக் கோயிலில் பொங்கலிட்டு, பழைய லயம் நின்ற இடத்தில் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தக் கூட்டமே அந்தக் குழுவாகலாம்.

அந்தப் பத்துப் பக்கத்தை எழுத உட்கார்ந்தால் ‘நிறுவியவர்’ என்ற இடத்தில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தைத்தான் போட வேண்டியிருக்கும். துரையின் பெயரைப் போட எனக்குச் சம்மதமில்லை. அதற்குக் கீழே போட வேண்டிய பெயர்கள் இரண்டு இடத்தில் கிடைக்கும். ஒன்று தோட்டத்துச் செக்ரோல்: எந்தக் குடும்பம் எந்த ஆண்டில் எந்த டிவிஷனில் பெயர் கொடுத்தது என்று அது சொல்லும். கம்பெனி கைமாறியபோதெல்லாம் அது தப்பியதா என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். மற்றது பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு: பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தகப்பனின் தொழில், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம். அந்தக் கடைசிப் பத்தியில் ‘வேலைக்குப் போய்விட்டான்’ என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறது என்று எண்ணினாலே ஆய்வுக்குப் பாதி வேலை முடியும். பள்ளி பட்டணத்துக்கு மாறும் நாளில் மேசை நாற்காலியோடு அந்தப் பதிவேடும் லாரியில் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார்.